பெயர் மாற்றப்பட்டுள்ளது

இருபத்துமூன்றாம் கேள்வி:
வரும்போது என்ன கொண்டுவந்தீர்கள்?

ஜொகுடு சிரித்தாள்.
இதே தார்ப்பாய்க்குக் கீழே, இதே கேள்விக்கு,
மழைக்கு முன்னால் வந்தவனிடம் சட்டி என்றாளாம்,
கணக்கெடுக்க வந்தவர்களிடம் ஒன்றுமில்லை என்றாளாம்,
கண்ணாடி போட்ட பெண்ணிடம் கதவுச் சாவி.
"மூன்றும் மெய்தான். இவளுக்கு எது வேண்டும், கேள்."

நான் கேட்கவில்லை.
நாளுக்கு இவ்வளவு ஷில்லிங் என்று பேசி வந்தவன்.
யேய் பக்கத்து ஆள்; இவள் நடந்த அதே பாதையில்
நான்கு நாள் பிந்தி
இருவராகப் புறப்பட்டு ஒருவனாக வந்து சேர்ந்தவன்.
காக்வா மொழியை ஆங்கிலத்தில் ஊற்றுவது என் வேலை.
சிந்தாமல் ஊற்ற வேண்டும் என்று
பயிற்சியில் ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள்.
மதியம் கோழி போட்டார்கள்.

ரெக்கார்டர் வேண்டாம் என்றுவிட்டாள் ஜொகுடு.
குரல் போன இடத்துக்குத் தானும் போக முடியுமென்றால்
அப்போது பார்க்கலாமாம்.
இங்வில்ட் நோட்டைத் திறந்தாள்.

இருபத்துநான்கு: எப்படி வந்தீர்கள்?

பதினொரு நிமிடம் பேசினாள்.
என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பார்க்க வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.
காயா ஆற்றில் தண்ணீர் எதுவரை என்று
தன் உடம்பிலேயே கைவைத்துக் காட்டினாள்:
இடுப்பு. மார்பு. பிறகு
முதுகில் இருந்தவனின் வாய்.

இங்வில்ட் பேனாவோடு என் பக்கம் திரும்பினாள்.
நான் சொன்னேன்:
"நடந்து வந்தார்களாம்."

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."

கடைசியில் பெயர்ப் பிரச்சினை.
பெர்கனில் ஒரு குழு இருக்கிறதாம், நெறிமுறை பார்க்க;
உண்மைப் பெயரை எழுத விடாது,
எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான்.
ஜொகுடு ரேஷன் அட்டையை எடுத்து நீட்டினாள்.
அதில் அவள் ஜாகூட்டோ.
ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு ஒருத்தி.
"இதுவரை எவனும் சரியாக எழுதியதே இல்லை.
இதற்குமேல் என்னை எங்கே ஒளிப்பாள்?
வேண்டுமானால் அவள் பெயரை எனக்குப் போடட்டும்."
இதை மட்டும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன்.
இங்வில்ட் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
இரண்டு சோப்புக் கட்டி, ஒரு கைநாட்டு.

இரண்டு மழைக்காலம் போய்
ஆய்வேடு என் போனுக்கு வந்தது,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
டேட்டா தீர்ந்து தீர்ந்து மூன்று நாளில் இறங்கியது.
நூற்று நாற்பதில் அவள்.
மார்த்தா, பெயர் மாற்றப்பட்டுள்ளது.
"நடந்து வந்தோம்" என்கிறார் மார்த்தா.
அதன்கீழ் ஒன்றரைப் பக்கம்,
சுருங்கிய அந்த விடையைப் பற்றி,
சொல்ல மறுப்பதன் வலிமை பற்றி,
சில துயரங்களுக்கு மௌனம்தான் மொழி என்பது பற்றி.
அடிக்குறிப்பும் உண்டு.

என் மௌனம் அது.
கூலி வாங்கின மௌனம்.

குழாயடி வரிசையில் பிடித்துக்கொண்டாள்.
"என்ன எழுதியிருக்கிறாள்? வாசி."
மஞ்சள் கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.
நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திறந்தேன்.
திரையில் கண்ணை வைத்துக்கொண்டு
வாசித்தேன்:
விடிகாலை, ஆற்றங்கரை, இடுப்பு, மார்பு,
முதுகில் இருந்தவன், அவன் பெயர்,
மறுகரையில் யாரோ கொடுத்த துணி,
அதை எதன்மேல் போர்த்தினாள் என்பது.
அவள் மூச்சு வாங்கிய இடங்களில் நானும் வாங்கி.
நடுவில் போன் அணைந்துபோனது.
நான் நிறுத்தவில்லை.
அணைந்ததை அவளும் பார்த்தாள்.

அவள் முறை வந்து, தாண்டிப் போயிருந்தது.

"நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்" என்றாள்
கேனை நிமிர்த்திக்கொண்டே.
"ஒரே பிழை. ஆற்றில் இறங்கியது விடிகாலை இல்லை.
சாயங்காலம்.
இருட்டிக்கொண்டு வந்தது, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.
திருத்தச் சொல்."

சொல்கிறேன் என்றேன்.